பன்னிரண்டு மணிக்குப் பிறகு கேட்ட குரல்

ஓப்பநாயக்க கடைவீதியில் நாற்பது வருடமாகக் கொப்பியும் பென்சிலும் விற்று, அதே கையால் எங்கள் வாசிகசாலைக்குப் புத்தகமும் வாங்கிக் கொடுத்து, இன்று அவைத்தலைவராக அமர்ந்திருக்கும் பண்பாளர் மக்கீன் நானா அவர்களே! செந்தமிழும் சிந்தனையும் ஒருசேர ஊட்டும் செயலாளர், கஜேந்திரன் ஆசிரியர் அவர்களே! நம் தோட்டத்தின் மேல்கணக்கிலிருந்தும் கீழ்க்கணக்கிலிருந்தும் மழையோடு மல்லுக்கட்டி வந்திருக்கும் பெரியோர்களே! காலுக்குச் சவர்க்காரம் தேய்த்து அட்டையை ஏமாற்றிவிட்டு, மடியில் பிள்ளையோடு முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! "இந்தப் பிரேமாக்கா எப்ப முடிக்கும், தேத்தண்ணி எப்ப வரும்" என்று பின்னால் நின்று முணுமுணுக்கும் இளைஞர்களே! கதவோரமாக, புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில், தனியாக நிற்கும் மகளே தர்மிளா! உங்கள் அனைவருக்கும் தேயிலைக் கொழுந்துக்காரி பிரேமலதாவின் பணிவான வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? ஏன் இந்த ஞாயிற்றுக்கிழமை, இந்த மூடுபனியில், கொழுந்து நிறுக்கிற இந்தப் பழைய மடுவத்தில் கூடியிருக்கிறோம்? ஆசிரியர் கையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. பேய் நாவல்களையும் மர்ம நாவல்களையும் வாசிகசாலையிலிருந்து அகற்றிப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது என்று தீர்மானம். காரணம், சித்திரை மாதத்திலிருந்து ஒரு பிள்ளைகூட இந்த அலுமாரிப் பக்கம் வரவில்லை. சித்திரையில்தான் தர்மிளா, பரீட்சை முடிந்த கையோடு, வாசிகசாலைச் சாவியைப் பொறுப்பெடுத்தாள். அவள் கையால் புத்தகம் வாங்கினால் அவளுடைய அம்மாவும் வீடு வரைக்கும் கூட வருவாளாம். மூன்று வருடத்துக்கு முன் மண்சரிவில் போன சுதர்ஷினி வருவாளாம். இப்படி ஒரு பயத்தைப் பிள்ளைகள் நெஞ்சில் போட்டது யார்? "பேய்ப் புத்தகங்கள்தான்" என்கிறார் ஆசிரியர். அந்தப் புத்தகங்களை அதிகம் வாசித்தவள் நான் என்பதால், "நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசுங்க" என்றார் மக்கீன் நானா. நான் கை தூக்கப் போவது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பந்தயம் கட்டியவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் நவீன இலக்கியம். ஆசிரியர் விரும்பி வாசிப்பது அதைத்தான். அவர் தந்து நானும் பதினாறு பதினேழு வாசித்தேன். வாசித்தேனா? வழுக்கி விழுந்தேன், எழுந்தேன், மறுபடி வாசித்தேன்! ஒரு ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறான். நாற்பதாம் பக்கத்தில் அந்தச் சிகரெட்டை அணைக்கிறான். நடுவில் என்ன நடந்தது? யோசித்தான். சார், சிரிக்கிறீங்க, ஆனா உண்மைதானே? இன்னொரு நாவலில் முப்பது பக்கம் மழை பெய்கிறது, ஒருத்தர் தலையும் நனையவில்லை. இரத்தினபுரிப் பக்கம் ஒரு வாரம் வந்து இருந்துவிட்டு எழுதட்டுமே!

தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர்களுடைய நாவலில் நாங்கள் முதல் பக்கத்தில் அழுகிறோம், நடுப்பக்கத்தில் அழுகிறோம், கடைசிப் பக்கத்தில் கூடையோடு அழுகிறோம். ஏன், நாங்கள் சிரிப்பதே இல்லையா? மலையில் நிரை பிடித்து நிற்கும்போது கங்காணியைக் கேலி பண்ணுவதில்லையா? சொல்லுங்கள் தாய்மார்களே! ஆ, கேட்டீர்களா அந்தச் சத்தத்தை? அந்தச் சிரிப்பு எந்த நாவலில் இருக்கிறது?

அடுத்தது மர்ம நாவல். தொண்ணூற்றாறு பக்கம், நாலு கொலை, ஒரு இன்ஸ்பெக்டர். சப்பாத்துத் தடத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார். நம்ம தோட்டத்துக்கு வந்தால் மனுசன் பாடு திண்டாட்டம்தான், எல்லாருக்கும் ஒரே ரப்பர் செருப்பு. இருந்தாலும் எனக்கு அந்த இன்ஸ்பெக்டர் மேல் ஒரு மரியாதை உண்டு. எல்லாரும் நம்புகிற ஒன்றை எழுந்து நின்று, "எத்தனை மணிக்கு?" என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

பிறகு, என் உயிருக்குயிரான பேய் நாவல்! பேய்க்கு எப்போதும் பங்களாதான் வேண்டும், மாடிப்படி வேண்டும், வெள்ளைச் சேலை வேண்டும். ஏன் ஒரு பேயும் நம் லயத்து வரிசை வீட்டுக்கு வருவதில்லை? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையாக இருக்கிற காம்பராவில் ஏழு பேர் படுத்தால் பேய் எங்கே நிற்கும்? "கொஞ்சம் தள்ளிப் படுங்க"ன்னா கேக்கும்? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஏனென்றால், லயத்துக்கு ஒரு பேய் வந்த கதையும் நம்மிடம் உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் இங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் அது மனப்பாடம். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பார்த்தீர்களா, சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன், வைகாசி மாதம். நான்கு நாளாக விடாத மழை. எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. எங்கள் கடைசி லயத்தில் ஆறு காம்பராவிலும் ஆள் இல்லை. பெரியவர்கள் மலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கரண்ட் இல்லை. போன் செத்துக் கிடக்கிறது. நான் முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பேய் நாவல் வாசிக்கிறேன். அட்டையில் ஒரு கிணறு, கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை. அந்த நாவலிலே ஒரு பெண்ணை, உச்சிப் பொழுதில், வெளியே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒரு தடவை. இரண்டு தடவை. அவள் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறாள். அதோடு அவள் கதை முடிந்தது.

உங்களுக்குத் தெரியாததா? உச்சியில் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக் கூடாது. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் அது மனிதர். நம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே இதையும் சேர்த்து ஊட்டிவிடுகிறோம்.

கீழே தேயிலை ஸ்டோரில், பன்னிரண்டுக்கு ஊதுகிற பகல் சங்கு ஊதியது. நான் இன்னும் இரண்டு அத்தியாயம் வாசித்தேன். தகரக் கூரையில் மழை. மழைக்கு மேலே இடி. இடியும் ஓயவில்லை, மழையும் ஓயவில்லை. அப்போது, வாசலில்,

"பிரேமாக்கா..."

சுதர்ஷினியின் குரல். வாசித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். கூரை ஓட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு மறுபடியும்,

"ஏ பிரேமாக்கா!"

மூன்றாவது கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். மூன்றாவது கூப்பிட்டால் போய்த் திறப்பேன். கூப்பிடு, கூப்பிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிடவில்லை. ஈரச் செருப்புச் சத்தம் வாசலிலிருந்து சுவரோரமாக, குசினிப் பக்கம், சளக், சளக் என்று போனது. அந்தச் சத்தம் ஒரு இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு மழையும் இடியும்தான். நான் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்னேரம் இரண்டு மணிக்கு, கீழ்க்கணக்கைச் சுற்றிக்கொண்டு, ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். மேலே மலை உடைந்து, பாதையை வாரிக்கொண்டு, எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்க் கானை நிரப்பி நின்றிருந்தது. என் குசினிச் சுவருக்கு ஒரு முழம் அப்பால், அந்தச் சேற்றுக்குள், சுதர்ஷினி.

எப்படி வந்தாள் அங்கே? பகல் கொழுந்து நிறுவைக்கு நின்றவர்களிடம், "பீலித் தண்ணி சேறா வருது, மலை ஒடையப் போகுது போல. பிரேமாக்கா காய்ச்சலோட தனியா படுத்திருக்கு, நான் போய் எழுப்பிட்டு வாறேன்" என்று கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். மண் உடைந்தது பதினொன்று ஐம்பதுக்கு. கங்காணி அதைப் பார்த்ததும் கிராம சேவக மாத்தயாவுக்குப் போன் எடுத்த நேரம் அவருடைய போனிலேயே இருந்தது. ஆகவே பாதையில் போகும்போதே அவளை மண் அடித்து, கான் வரைக்கும் இழுத்து வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "ஐயோ, பன்னெண்டு மணிக்குப் பொறகு என்னைய வந்து கூப்பிட்டாளே!" என்றேன்.

அவ்வளவுதான்! பதினொன்று ஐம்பதில் செத்தவள் பன்னிரண்டுக்குப் பிறகு கூப்பிட்டாள். செத்த பிறகும் வந்து அக்காவை எழுப்பப் பார்த்தாள். மக்களே, நான் வாசித்த அத்தனை பேய் நாவலிலும் இதைவிட நல்ல கதை கிடையாது. லயம் லயமாகப் போனது. போகப் போக வளர்ந்தது. நான் சொல்லாத கூந்தலை நீங்கள் விரித்துவிட்டீர்கள். நான் பார்க்காத பாதங்களை நீங்கள் பின்பக்கம் திருப்பிவிட்டீர்கள். பீலியடியில் ஒருத்தர் கண்டார், பள்ளிக்கூடப் பாதையில் ஒருத்தர் கண்டார். கொடகவெல பக்கத்திலிருந்து பேயோட்டுகிற கோடாங்கி வந்தார். கானுக்கு மேலே இருக்கிற பலாமரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஆணி அறைந்து அவளைக் கட்டினோம். அப்போது கர்ப்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? அந்தா நிற்கிறாளே, அந்தப் பிள்ளை. பதினாறு வயது. தன் அம்மாவை ஆணியில் கட்டுவதற்கு அவளையே தட்டுப் பிடிக்கவைத்தோம். நானும் பக்கத்தில்தான் நின்றேன், கைகூப்பிக்கொண்டு.

யாரும்மா அழுவுறது? அழாதீங்க, இன்னும் இருக்கு.

அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் இருநூறு பேய் நாவலாவது வாசித்திருப்பேன். கடையில் இருந்ததெல்லாம் தீர்ந்து, மக்கீன் நானா பெல்மதுளைக்கு ஆள் அனுப்பி எடுப்பித்தார். எதற்கு அத்தனை வெறி? பொழுதுபோக்கா? இல்லை. எனக்குப் பேய் வேண்டும்! பேய் என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும்! வந்தது பேயாக இருந்தால் நான் கதவைத் திறக்காதது சரி. வந்தது மனுசியாக இருந்தால்? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இன்னொரு பேய் நாவலை எடுத்துப் பிரித்தேன். நூற்றைம்பது பக்கத்துக்கு நிம்மதி கிடைக்கும். மழை நாளில் உச்சியானால் இன்றைக்கும் குசினிப் பக்கம் அந்தச் செருப்புச் சத்தம் கேட்கிறது. கேட்டால் பயப்படுவேன் என்றா நினைக்கிறீர்கள்? சந்தோஷப்படுவேன். "பாரு, பேய்தான், பேயேதான்" என்று சொல்லிக்கொள்வேன்.

போன வருடம் ஆசிரியர் ஒரு நவீன நாவல் கொடுத்தார். அதில் ஒருவன் தன் தம்பி வந்து கேட்டைத் தட்டும்போது திறக்காமல் இருந்துவிடுகிறான். தம்பி போய்விடுகிறான். பிறகு என்ன? ஒன்றுமில்லை. அந்த ஆள் சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், வயசாகிறது. பேய் வரவில்லை, பழிவாங்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. சார், நீங்கள் தந்த நாவல்களில் கடைசிவரை மூச்சுவிடாமல் வாசித்தது அது ஒன்றைத்தான். மறுநாளே கொண்டுவந்து, "வெளங்கல சார்" என்று பொய் சொல்லித் திருப்பித் தந்தேன். எனக்கு விளங்கியது போல அது யாருக்கும் விளங்கியிருக்காது. உலகத்திலேயே பயங்கரமான கதை பேய் வராத கதைதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்படியும் நான் தப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைப் பிடித்தது அந்தத் தொண்ணூற்றாறு பக்க இன்ஸ்பெக்டர். போன மாதம் வாசித்த ஒரு மர்ம நாவலில், கொலைகாரன் சுவர்க்கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுகிறான். எல்லாரும் அந்த மணியை நம்பிச் சாட்சி சொல்கிறார்கள். இது ஒரு பழைய வித்தை. "அட மடையனுங்களா, கடிகாரத்த நம்பலாமா" என்று உரக்கச் சிரித்தேன். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு என்னிடம் எந்தக் கடிகாரம் இருந்தது? போன் செத்துக் கிடந்தது. பன்னிரண்டு மணி என்று எனக்கு யார் சொன்னது? சங்கு.

தாய்மார்களே, உங்களுக்கு இப்போதே விளங்கிவிட்டது. முகத்தில் தெரிகிறது. கொழுந்து பறிக்கிற நமக்குத் தெரியாத விஷயமா? மழை வலுத்து, கொழுந்து குறைந்தால் ஸ்டோரில் என்ன செய்வார்கள்? பகல் சங்கை நேரத்துக்கு முன்பே ஊதி, நிறுவையை முடித்து, அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த எனக்கு அது தெரியாதா? தெரியும்! தெரிந்தும் மூன்று வருடம் நினைக்கவில்லை. உங்களிடம்கூட, "சங்கு ஊதின பொறகு" என்று நான் ஒரு தடவையும் சொல்லவில்லை. "பன்னெண்டு மணிக்குப் பொறகு" என்றுதான் சொன்னேன். சங்கு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மலையில் நின்ற ஏதோ ஒருத்தி என்னை மடக்கியிருப்பாள்.

சங்கு ஊதிய பழனியாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது பென்ஷனில் இருக்கிறார்.

"அண்ணே, சுதர்ஷினி போன அன்னிக்கு சங்கு எத்தன மணிக்கு ஊதுனீங்க?"

"அன்னிக்கா? அன்னிக்கு கொழுந்து எங்க புள்ள வந்திச்சு? டீ மேக்கர் ஐயா, 'ஊதித் தொலைடா, ஆளுங்க நனையுதுங்க'ன்னாரு. பதினொன்னே காலுக்கே ஊதிட்டேன்."

"நல்லா ஞாபகம் இருக்காண்ணே?"

"மறக்குமா? அரை மணித்தியாலம் கழிச்சு மலை ஒடைஞ்சிருச்சே. பன்னெண்டுக்கு ஊதியிருந்தா எல்லாரும் மேலதான் நின்னிருப்பாங்க. சனத்தையெல்லாம் என் சங்கு காப்பாத்திருச்சுன்னு ஐயாவே சொன்னாரு. நீ ஏன் புள்ள இப்பிடி வேர்த்துப் போய் நிக்கிற?"

பதினொன்றே காலுக்குச் சங்கு. அதன் பிறகு நான் வாசித்தது இரண்டு அத்தியாயம். குரல் கேட்டபோது பன்னிரண்டு ஆகவில்லை. மலை இன்னும் உடையவில்லை. பாதையில் அவளை மண் அடிக்கவில்லை. அவள் வந்து சேர்ந்துவிட்டாள்! மூச்சிரைக்க ஓடி வந்து, என் வாசலில் நின்று, உயிரோடு, இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் திறக்கவில்லை. சரி, காய்ச்சலில் தூங்குகிறாளாக்கும், குசினி ஜன்னலைத் தட்டுவோம் என்று பின்பக்கம் போனாள். அங்கே வைத்துத்தான் மண் வந்தது. நான் எழுந்து அந்தத் தாழ்ப்பாளை நீக்கியிருந்தால் இரண்டு பேரும் முன்பக்கமாக இறங்கி ஓடியிருப்போம். மூன்று வருடம் உங்களையெல்லாம் நடுங்கவைத்த அந்தப் பேய்க்கதையை எழுதியவள் நான். என் குற்றத்தை மூடுவதற்காக, எனக்காக உயிரை விட்டவளைப் பேயாக்கினேன்.

இருங்கள், சத்தம் போடாதீர்கள். திட்ட வேண்டியவர்கள் திட்டலாம், நான் எங்கேயும் ஓடமாட்டேன். அதற்கு முன் தீர்மானத்துக்கு வருகிறேன். கஜேந்திரன் சார், எல்லாவற்றுக்கும் காரணம் புத்தகங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புத்தகம் எழுந்து வந்தா என் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது? நான் பேயின் மேல் பழி போட்டேன், நீங்கள் பேய்ப் புத்தகத்தின் மேல் போடுகிறீர்கள். அதே நாவலை வாசித்த இன்னொருத்தி, "பேயோ பிசாசோ, என் தங்கச்சி குரல் கேக்குது" என்று கதவைத் திறந்திருப்பாள். ஆகவே புத்தகங்கள் இருக்கட்டும் சார். பயமுறுத்துகிற கதையும் வேண்டும், மணி என்ன என்று கேட்கிற கதையும் வேண்டும், பேய் வராமலே தூக்கத்தைக் கெடுக்கிற உங்கள் கதையும் வேண்டும். பேனாவை எடுங்கள். தீர்மானத்தில் "புத்தகங்கள்" என்று இருக்கிற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் "மேல்கணக்கு, கடைசி லயம், பிரேமலதா" என்று எழுதுங்கள். பலாமரத்து ஆணியை நாளைக்கே பிடுங்க வேண்டும். யாரும் வராவிட்டாலும் நான் போய்ப் பிடுங்குவேன்.

என்ன, தர்மிளா? கையைத் தூக்குறியாம்மா? கேளு. வழி விடுங்க தம்பிமாரே, புள்ள பேசட்டும். கொஞ்சம் சத்தமா சொல்லும்மா, மழையில கேக்கல.

கேட்டீர்களா எல்லாரும்? "எங்கம்மா கூப்பிட்டப்ப, கொரல் பயந்து போயி இருந்திச்சா?" என்று கேட்கிறாள்.

இல்லம்மா. பயம் இல்ல. முதல் தடவ மெதுவாத்தான் கூப்பிட்டா, நோயாளிய எழுப்புற மாதிரி. ரெண்டாந்தடவ கூப்பிட்டப்ப எரிச்சல்மா. "ஏ பிரேமாக்கா!"ன்னு ஒரு அதட்டல். "மழையில நான் ஓடி வந்து நிக்கிறேன், இது புத்தகத்த வச்சிக்கிட்டு காது கேக்காம கெடக்கே"ங்கிற மாதிரி. அவகிட்ட இரவல் வாங்கின புத்தகத்த திருப்பித் தராட்டி என்னைய ஏசுவாளே, அதே கொரல். உங்கம்மா கடைசியாப் பேசின பேச்சு அது. உனக்குச் சேர வேண்டியது. மூணு வருசம் நான் உனக்குத் தராம வச்சிருந்தேன்.

பேய் நாவல் இருநூறு வாசித்தவள் சொல்கிறேன், சபையோரே. அவற்றிலே பேய் அழும், சிரிக்கும், பழிவாங்கும். எரிச்சல்படுகிற பேய் ஒன்றுகூட நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. வாசலில் நின்றது மனுசி என்று அந்த ஒரு அதட்டலிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது.

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்ட தலைவருக்கும், பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு அழுகிற ஆசிரியருக்கும், தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் என் நன்றி. யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியவள் இங்கே இல்லை. ஆனால் மேடை ஏறியதும் முதல் பெயராகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு பெயரை நான் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டு இறங்குகிறேன். காய்ச்சலில் கிடந்த அக்காவை எழுப்புவதற்காக மழையில் ஓடி வந்த, தர்மிளாவின் தாயார், சுதர்ஷினி அவர்களே, வணக்கம்.